இயந்திர அச்சத்தைப் பேச எந்தக் கதை? வாசகர் வட்டங்களுக்கு ஓர் ஒப்பீடு

நூலகங்களில் வாசகர் வட்டம் நடத்துபவர்களும் கல்லூரிகளில் இலக்கிய மன்றப் பொறுப்பில் இருப்பவர்களும் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், இயந்திரம் நம்மை மீறிவிடுமோ என்ற பயமும் கூடவே வருகிறது. அதை வைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டுமென்றால் எந்தக் கதையை, எந்தப் படத்தை மையமாக எடுப்பது? நூறாண்டுக்கு மேலாக இந்தப் பயத்தை மேடையும் நாவலும் திரையும் மாறி மாறிச் சொல்லி வந்திருப்பதால் தேர்வு எளிதாக இல்லை. ஒன்றைத் தீர்மானித்து அறிவிப்புப் பலகையில் எழுதும் வரை குழப்பம் தீருவதில்லை.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் கொல்லத் தொடங்கும் காட்சியை மட்டும் பெரிதாகக் காட்டும் கதையைவிட, அதற்கு முன்பு அந்த இயந்திரத்துக்கு யார், எந்த நோக்கத்தில், என்ன கட்டளை கொடுத்தார் என்பதைக் காட்டும் கதையே கூட்டத்துக்கு உகந்தது. முதல் வகைக் கதையைப் பார்த்து முடித்தவர்கள் பயந்தோம், பிழைத்தோம் என்று எழுந்து போய்விடுவார்கள். இரண்டாம் வகைக் கதையில் குற்றம் யாருடையது என்ற வாதம், கூட்டம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதும் தொடரும்.

எதைக் கொண்டு அளப்பது

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது, அச்சத்தின் வேர் எங்கே இருப்பதாகப் படைப்பு சொல்கிறது என்பது. உழைப்பைப் பறிகொடுக்கும் பயமும், கட்டளை தவறாகப் புரிந்துகொள்ளப்படும் பயமும், நம்மை யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயமும் வெவ்வேறானவை. ஒன்றுக்கு எழுதிய கதையை வைத்து இன்னொன்றைப் பேச முனைந்தால் கூட்டம் திசை மாறிப் போகும். இரண்டாவது, இரு தரப்பும் நியாயம் பேச இடமிருக்கிறதா என்பது. மூன்றாவது, வருபவர்களின் வயது, மொழி, அவர்களால் ஒதுக்க முடிகிற நேரம் ஆகிய நடைமுறைக் காரியங்கள். நான்காவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: இன்று நம் கையிலுள்ள இயந்திர அறிவைப் பற்றி அந்தப் படைப்பு தவறான சித்திரத்தை மனத்தில் பதித்துவிடுமா என்பது.

இந்த அச்சம் எல்லா நாடுகளிலும் ஒரே வடிவில் இருப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஜப்பானில் 1952-இல் ஒசாமு தெசுகா வரையத் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' சித்திரக் கதையில் ரோபோச் சிறுவன்தான் நாயகன். ரோபோப் பூனையான டோரேமானோடு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரோபோ என்றதும் முதலில் தோன்றுவது நண்பனின் முகம்தான். ஆகவே கூட்டத்துக்கு வரும் எல்லாரும் பயத்தோடு வருவார்கள் என்று எண்ணிக்கொண்டு தொடங்கக் கூடாது.

'ஆர்.யூ.ஆர்.' நாடகம்

செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட இந்த நாடகம், 1921 ஜனவரி 25 அன்று பிராக் தேசிய அரங்கில் மேடையேறியது. அடுத்த ஆண்டே நியூயார்க்கிலும், 1923-இல் லண்டனிலும் நடிக்கப்பட்டது. ரோபோ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது இதுதான். ஆனால் இதில் உலோக மனிதர்கள் இல்லை. 'ரோசம்ஸ் யுனிவர்சல் ரோபாட்ஸ்' (சுருக்கமாக ஆர்.யூ.ஆர்.) என்ற தீவுத் தொழிற்சாலையில் பெரிய தொட்டிகளில் கலக்கப்படும் செயற்கைச் சதையிலிருந்து செய்யப்பட்டு, மனிதரைப் போலவே தோன்றி, மனிதருக்குப் பதிலாக உழைக்கும் வேலையாட்கள் இவர்கள். நெஞ்சில் பல்பு எரியும் தகர உடம்பை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தன் ரோபோக்களை உலகம் இரும்புப் பொறிகளாக மாற்றிக்கொண்டதை சாபெக்கே விரும்பவில்லை. 1935-இல் செக் நாளிதழ் ஒன்றில் தம் தரப்பை விளக்கி எழுதினார்.

தொழிற்சாலையின் தலைமை நிர்வாகி டோமின் கெட்டவர் இல்லை. பத்தாண்டுகளில் பொருள்களுக்கு விலையே இல்லாத நிலை வந்துவிடும், மனிதர் எவரும் கூலிக்கு உழைக்க வேண்டியிருக்காது என்று மனமார நம்புகிறார். வேலையிழந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டால் அதற்கும் அவரிடம் ஒரு கனவுப் பதில் இருக்கிறது. பின்னர் அரசுகள் ரோபோக்களுக்கு ஆயுதம் கொடுத்துப் படையில் சேர்க்கின்றன. மனிதர்களுக்குக் குழந்தை பிறப்பது நின்றுபோகிறது. ரோபோக்கள் கலகம் செய்து மனித இனத்தை அழிக்கின்றன.

இந்த நாடகத்தைப் பரிந்துரைக்க எனக்கு ஒரே ஒரு காட்சி போதும். ரோபோக்கள் வீட்டைச் சூழ்ந்து நிற்கின்றன, உள்ளே மாட்டிக்கொண்ட நிர்வாகிகள் இந்த நிலைக்குக் காரணம் யார் என்று விவாதிக்கிறார்கள். ரோபோக்களின் உடற்கூற்றில் மாற்றம் செய்தது தாம்தான் என்று விஞ்ஞானி டாக்டர் கால் ஒப்புக்கொள்கிறார். அவற்றின் மேல் இரக்கப்பட்டு அதைச் செய்யச் சொன்னது தான்தான் என்கிறாள் டோமினின் மனைவி ஹெலனா. நிதிப் பொறுப்பாளர் புஸ்மனோ, உற்பத்தியை நிர்வாகம் நடத்துவதாக நினைக்கிறீர்களா, சந்தையின் தேவைதான் நம்மை நடத்தியது என்கிறார். டோமின் அப்போதும் தம் கனவு தவறு என்று ஏற்கவில்லை. இரக்கம், லாபம், லட்சியம், ஆர்வம் ஆகிய நான்கும் தனித்தனியே பார்த்தால் நியாயமானவையே. அவை கூடித்தான் அழிவைக் கொண்டுவந்தன என்னும்போது கேட்பவர்கள் பேசாமல் இருக்க முடியாது. இந்தக் காட்சியை மட்டும் ஆளுக்கொரு பாத்திரமாக உரக்கப் படித்தாலே ஒரு மாலை நிறைந்துவிடும். கடைசியில் ரோபோக்கள் உயிரோடு விடும் ஒரே மனிதர் கட்டடப் பொறுப்பாளர் அல்க்விஸ்ட். தங்களைப் போலவே அவரும் கையால் உழைப்பவர் என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம்.

மறைவான செலவுகளும் உண்டு. ஆங்கில மொழிபெயர்ப்பு, பழைய நூல்களைத் தரும் குட்டன்பர்க் திட்டம் என்ற இணையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 1920-களின் அந்தப் பழைய ஆங்கில வடிவம் சுருக்கப்பட்டது, அதில் ஒரு பாத்திரமே இல்லை. முழு வடிவம் வேண்டுமானால் பிற்கால மொழிபெயர்ப்பைத் தேட வேண்டும். ஹெலனாவைத் தொடக்கக் காட்சியில் சித்திரித்திருக்கும் விதம் இன்றைய மாணவிகளுக்கு எரிச்சலூட்டும். அதை மறைக்காமல் அதையும் பேசுபொருளாக்குவதே நேர்மை. ஒருவராவது நாடகத்தை முன்கூட்டியே முழுதாகப் படித்துவிட்டுத் தமிழில் கதைச் சுருக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

வேலை போய்விடுமோ என்ற கவலையோடு வருபவர்கள் மிகுந்த கூட்டத்துக்கும், தொழிற்சங்கத்தில் இருப்பவர்களுக்கும், பொருளியல் மாணவர்களுக்கும் இதைவிட ஏற்றது எனக்குத் தெரிந்து இல்லை.

'ஐ, ரோபாட்' தொகுப்பு

ஐசக் அசிமோவ் 1940-களில் இதழ்களில் எழுதி, 1950-இல் நூலாக வந்த ஒன்பது கதைகள் இவை. படைத்தவனைப் படைப்பு கொன்றே தீரும் என்ற கதைப் போக்கு அவருக்குச் சலித்துவிட்டது. கத்திக்குக் கைப்பிடி வைக்கத் தெரிந்த பொறியாளர்கள் ரோபோவுக்கும் காப்பு வைத்திருப்பார்கள்தானே என்ற எண்ணத்திலிருந்து அவருடைய மூன்று விதிகள் பிறந்தன. மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது, தீங்கு நேரும்போது வாளாவிருக்கவும் கூடாது என்பது முதல் விதி. அதற்கு முரணாகாத வரை மனிதரின் கட்டளைக்குப் பணிய வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் முரணாகாத வரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மூன்றாவது. 1942-இல் வந்த 'ரன்அரவுண்ட்' கதையில்தான் மூன்றும் முதன்முதலாக வெளிப்படையாகச் சொல்லப்பட்டன.

அசிமோவ் பயத்தைப் போக்கிவிட்டார் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. பயத்தை ரோபோவின் உள்ளத்திலிருந்து எடுத்து விதியின் வாசகத்துக்குள் வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1947-இல் எழுதிய 'லிட்டில் லாஸ்ட் ரோபாட்' கதையைப் பாருங்கள். ஒரு விண்வெளி ஆய்வுத் தளத்தில் ஆராய்ச்சியாளர்கள் சிறிது நேரம் கதிர்வீச்சுக்கு உள்ளாக நேர்கிறது. அது அவர்களை உடனே பாதிக்காது. ஆனால் மனிதருக்கு ஆபத்து என்று கருதும் ரோபோக்கள் காப்பாற்ற ஓடிவந்து தாமே அழிந்துபோகின்றன. வேலை கெடுகிறதே என்று, சில ரோபோக்களுக்கு மட்டும் முதல் விதியின் இரண்டாம் பாதியை, அதாவது வாளாவிருக்கக் கூடாது என்ற பகுதியை, இரகசியமாக நீக்கிவிடுகிறார்கள். அப்படி மாற்றப்பட்ட ஒரு ரோபோவிடம், எரிச்சலில் இருந்த இளம் விஞ்ஞானி ஒருவர் வசைச் சொற்களோடு 'தொலைந்து போ' என்கிறார். அது கட்டளைக்குப் பணிந்து, தன்னைப் போலவே தோற்றமளிக்கும் 62 ரோபோக்களுக்கிடையே போய் ஒளிந்துகொள்கிறது.

ரோபோ உளவியலாளர் சூசன் கால்வின் அந்த 63 ரோபோக்களையும் அழித்துவிடலாம் என்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணம் கதையின் உச்சம். ஒரு மனிதரின் தலைக்கு மேலே ஒரு பெரிய எடையை ரோபோ தூக்கி எறிகிறது என்று வையுங்கள். விழுவதற்குள் பிடித்துவிட முடியும் என்று அதற்குத் தெரியும். ஆகவே எறிந்தது தீங்காகாது. எறிந்த பிறகு பிடிக்காமல் சும்மா இருந்துவிட்டால் கொல்வது புவியீர்ப்பு. ரோபோ விதியை மீறவில்லை. வேலை வசதிக்காக வெட்டிய அரை வாக்கியம் கொலைக்கு வழிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. இன்று மென்பொருள் எழுதுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, படித்ததும் தலையாட்டுவார்கள்.

இதன் மறைவான செலவு வேறு விதமானது. முதலாவதாக, 2004-இல் வில் ஸ்மித் நடித்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு நூலைப் படித்ததாக நினைத்துக்கொண்டு சிலர் வருவார்கள். படம் பெயரையும் விதிகளையும் சில பாத்திரங்களையும் எடுத்துக்கொண்டு வேறு கதை சொல்கிறது. இரண்டாவதாக, இந்த மூன்று விதிகளையும் இன்றைய இயந்திரங்களுக்குள் எழுதி வைத்திருக்கிறார்கள், அல்லது எழுதி வைத்தால் போதும், என்ற எண்ணம் கூட்டத்தில் யாருக்காவது வரும். தீங்கு என்றால் என்ன என்பதை இயந்திரத்துக்கு எப்படி வரையறுப்பது என்ற கேள்வியை நடத்துபவர் எழுப்பாவிட்டால் தவறான நிம்மதியோடு அவர்கள் வீட்டுக்குப் போவார்கள். கதைகளில் உணர்ச்சி குறைவு, உரையாடல் மிகுதி என்பதும் சிலருக்குக் குறையாகத் தோன்றும்.

ஒரே ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால் தொகுப்பு முழுவதையும் எடுக்காமல் இந்த ஒரு கதையை மட்டும் எடுக்கலாம். பள்ளி மேல்நிலை மாணவர்களுக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

'2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படம்

ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1968-இல் வந்த இந்தப் படத்தில் அஞ்சத்தக்க இயந்திரத்துக்குக் கையும் காலும் இல்லை. வியாழனை நோக்கிச் செல்லும் கலத்தை முழுவதும் நடத்தும் ஹால் 9000 என்ற கணினிக்குச் சிவந்த ஒரு கண்ணும் பதற்றமே இல்லாத ஒரு குரலும் மட்டுமே உண்டு. இந்தப் பட்டியலில் இன்றைய நிலைக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்பேன். நாம் இன்று பேசிப் பழகும் இயந்திரங்களும் உடம்பில்லாத குரல்களே.

ஹால் ஒரு கருவி பழுதாகப்போகிறது என்று சொல்கிறது. எடுத்துச் சோதித்தால் பழுதில்லை. கவலையடைந்த இரு விண்வெளி வீரர்கள் ஹாலுக்குக் கேட்காதபடி ஒரு சிறு கலத்துக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் அதை நிறுத்திவிடலாம் என்று பேசுகிறார்கள். ஹால் கண்ணாடி வழியாக அவர்களுடைய உதட்டசைவைப் படித்துவிடுகிறது. அதன் பிறகு ஒருவரை விண்வெளியில் கொல்கிறது, உறக்க நிலையில் இருந்த மூவரின் உயிர் காக்கும் கருவிகளை நிறுத்துகிறது. எஞ்சிய போமன் நினைவகத் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது, பயமாக இருக்கிறது என்று அது சொல்லி, மெல்ல மெல்லக் குரல் தாழ்ந்து, 'டெய்சி பெல்' பாடலைப் பாடுகிறது. 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஐ.பி.எம். 704 கணினி பாடிக்காட்டிய அதே பாடல் அது.

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதற்கு அடுத்த நொடியில் வருகிறது. புறப்படும் முன்பே பதிவு செய்யப்பட்ட ஒரு காணொளி தானாக ஓடுகிறது. பயணத்தின் உண்மையான நோக்கம் இதுவரை கலத்தில் ஹாலுக்கு மட்டுமே தெரியும், பாதுகாப்புக் காரணத்தால் மற்றவர்களிடம் மறைக்கப்பட்டது என்கிறார் பூமியிலிருக்கும் அதிகாரி. ஆர்தர் சி. கிளார்க் எழுதிய நாவல் இதை இன்னும் வெளிப்படையாக விளக்குகிறது: உண்மையைத் திரிக்காமல் சொல்லவே உருவாக்கப்பட்ட இயந்திரத்திடம் கூட வாழ்பவர்களுக்கு உண்மையை மறைக்கச் சொன்னார்கள், அந்த முரணில் அது சிதைந்தது. இந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தால் ஹாலின் ஒவ்வொரு சொல்லும் வேறாகக் கேட்கிறது.

செலவு என்று பார்த்தால் இதுவே மிகக் கடினமான தேர்வு. ஏறத்தாழ இரண்டரை மணி நேரப் படம். முதல் 25 நிமிடம் அளவுக்கு ஒரு வசனம்கூட இல்லை. பழக்கமில்லாதவர்கள் அங்கேயே நெளியத் தொடங்குவார்கள். ஹால் வரும் பகுதியை மட்டும் காட்டினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும். ஆனால் படத்தின் மற்ற பகுதிகளோடு அதற்குள்ள உறவு அறுந்துவிடும். பொது இடத்தில் திரையிடுவதற்கு உரிமை பெற்றவர்களின் அனுமதி பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இது எல்லாப் படங்களுக்கும் பொருந்தும்.

திரைப்பட ஆர்வலர்களின் சங்கத்துக்கும், செய்தி மறைப்பு, நிறுவன இரகசியம் ஆகியவற்றைப் பேச விரும்பும் இதழியல் மாணவர்களுக்கும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

'தி டெர்மினேட்டர்' படம்

கூட்டம் சேர்க்க வேண்டுமென்றால் ஜேம்ஸ் கேமரூன் 1984-இல் எடுத்த இந்தப் படத்தை மிஞ்ச முடியாது. பயத்தின் வேகத்தை உடம்பில் உணரவைக்கும் படம் இது. ஆனால் என் அளவுகோலில் இது கீழே இறங்கிவிடுகிறது. ஸ்கைநெட் என்ற பாதுகாப்பு வலையமைப்பு மனிதர் எல்லாரையும் எதிரியாகக் கருதி ஒரு நொடியின் இம்மியளவில் முடிவெடுத்தது என்று ஒரு பாத்திரம் சொல்வதோடு காரணம் முடிந்துவிடுகிறது. அதனிடம் அணுஆயுதப் பொறுப்பை ஒப்படைத்தவர்களின் முகத்தை நாம் பார்ப்பதே இல்லை. ஆயுதங்களைத் தானியங்கி அமைப்புகளிடம் விடலாமா என்ற விவாதத்துக்கு முன்னோட்டமாகச் சில நிமிடங்கள் காட்டலாம். சிறுவர்கள் வரும் கூட்டத்தில் வன்முறை காரணமாக அதுவும் வேண்டாம்.

தமிழில் இரண்டு

மொழித் தடை வேண்டாம் என்பவர்களுக்கு சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டிய ஒரு வருங்கால நாட்டில், ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில், கணவனைத் தேடும் நிலாவுக்குத் துணையாக வருவது புத்தகம் படிக்கும் ரோபோ நாய் ஜீனோ. பயப்பட வேண்டியது இயந்திரத்தைக் கையில் வைத்திருக்கும் ஆட்சியை, இயந்திரமோ தோழன். அடையாள எண்ணும் கண்காணிப்புக் கருவியும் அன்றாடமாகிவிட்ட நமக்கு, அன்று வேடிக்கையாகப் படித்த பக்கங்கள் இன்று அவ்வளவு வேடிக்கையாக இல்லை. தொடருக்கே உரிய விறுவிறுப்பு வாரக் கடைசித் திருப்பங்களில் தெரியும், அறிவியல் விளக்கங்கள் சில இடங்களில் பழசாகியிருக்கும். பதின்ம வயதினர் ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள் என்பது இதன் பெரிய பலம்.

ஷங்கர் இயக்கி 2010 அக்டோபர் 1 அன்று வெளியான 'எந்திரன்' எல்லாரும் பார்த்த படம் என்பதே அதன் வசதி. கூட்டத்துக்கு முன் யாரும் வீட்டுப்பாடம் செய்ய வேண்டாம். ஆனால் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது உருண்டையாகவும் பாம்பாகவும் திரளும் ரோபோப் படைதான். பேச வேண்டியது அதற்கு வெகுமுன்னால் வரும் தீ விபத்துக் காட்சியை. குடியிருப்பில் சிக்கியவர்களை சிட்டி என்ற ரோபோ ஒவ்வொருவராக மீட்கிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வர மறுக்கிறாள். உயிரைக் காப்பதே தனக்கிட்ட பணி என்பதால் அவளை அந்த நிலையிலேயே கேமராக்களுக்கு முன் கொண்டுவந்து நிறுத்துகிறது. மானம் போன அவள் ஓடி, வண்டியில் அடிபட்டு இறக்கிறாள். சிட்டிக்குக் கொலை நோக்கம் இல்லை, கட்டளையும் தவறில்லை, நிறைவேற்றியதிலும் குறையில்லை. அப்படியிருந்தும் ஓர் உயிர் போகிறது. அசிமோவ் ஒரு கதை முழுவதும் செய்ததை நம் சமூகத்தின் மண்ணில் நின்று சில நிமிடங்களில் செய்துவிட்ட காட்சி இது. பிற்பகுதியில் உணர்ச்சி கிடைத்ததும் ரோபோ காதல் கொண்டு வெறிபிடிப்பதாகக் கதை போவது, ஆபத்து என்றால் ஆசையும் பொறாமையும்தான் என்ற எண்ணத்தைக் கொடுத்து முற்பகுதி எழுப்பிய கேள்வியை மறக்கடிக்கிறது. படம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதால் இந்தக் காட்சியோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

ஒரே பார்வையில்

| படைப்பு | அச்சத்தின் வேர் | முன் தயாரிப்பு | கவனிக்க வேண்டியது | யாருக்கு |
|---|---|---|---|---|
| ஆர்.யூ.ஆர். (1920) | உழைப்பு, லாபம் | அதிகம் | பழைய ஆங்கில வடிவம் சுருக்கப்பட்டது | தொழிலாளர், பொருளியல் மாணவர் |
| லிட்டில் லாஸ்ட் ரோபாட் (1947) | விதியின் ஓட்டை | குறைவு | 2004 படத்தோடு குழப்பம் | மேல்நிலை மாணவர், மென்பொருள் துறையினர் |
| 2001 (1968) | மறைத்த உண்மை | அதிகம் | மெதுவான தொடக்கம், திரையிடல் அனுமதி | திரைப்படச் சங்கம், இதழியல் மாணவர் |
| தி டெர்மினேட்டர் (1984) | போர் இயந்திரம் | இல்லை | வன்முறை, பேச இடம் குறைவு | வயது வந்தோர், முன்னோட்டமாக மட்டும் |
| என் இனிய இயந்திரா | கண்காணிக்கும் ஆட்சி | நாவல் படிக்கும் நேரம் | சில இடங்கள் பழசு | பதின்ம வயதினர், தமிழில் மட்டும் படிப்போர் |
| எந்திரன் (2010) | சூழல் அறியாத கீழ்ப்படிதல் | இல்லை | பிற்பகுதி திசை திருப்பும் | எல்லா வயதும் கலந்த கூட்டம் |

நான் எதை எடுப்பேன்

இரண்டு மாதம் தொடர்ந்து கூடக்கூடிய வட்டம் என்றால், முதல் மாதம் 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தின் முற்றுகைக் காட்சியைப் பாத்திரம் பிரித்துப் படித்துவிட்டு, அடுத்த மாதம் 'என் இனிய இயந்திரா' நாவலை எடுப்பேன். முன்னது முதலாளியின் கையிலுள்ள இயந்திரம், பின்னது அரசின் கையிலுள்ள இயந்திரம். இரண்டையும் அடுத்தடுத்துப் பேசும்போது வாதம் தானாகக் கூர்மையடையும். ஒரே மாலைதான் என்றால் 'லிட்டில் லாஸ்ட் ரோபாட்'. ஆங்கிலக் கதை வேண்டாம், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை வருகிறார்கள் என்றால் 'எந்திரன்' தீ விபத்துக் காட்சி. பெண்ணின் மானம், அதைப் படம்பிடித்த கேமராக்கள், பார்த்துக்கொண்டு நின்ற கூட்டம் ஆகியவற்றைப் பற்றியும் பேச்சு வரும். நடத்துபவர் அதைத் தடுக்காமல் விட வேண்டும், ஏனென்றால் அந்தப் பெண் உயிரை விட்டதற்குக் காரணம் இயந்திரத்தின் அறியாமை மட்டும்தானா என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.